கண்டி கண்ட இராணுவச் சட்டம்

தமிழிலே 'சட்டம்' என்னுஞ் சொல் இரு பொருளில் வழங்கக் காண்கின்றோம். படத்தை நாற்புறமும் அடைத்து நிற்கும் மரத்தையும் சட்டம் என்கின்றோம். நாட்டினை ஒரு வரம்புக்குள் நிறுத்தும் முறையையும் சட்டம் என்கின்றோம். இரண்டிற்கும் பொதுவாய் நிற்பது எல்லை என்னுங் கருத்தே. மரச்சட்டம் படத்துக்கு எல்லை வகுப்பதுபோல, அரசியற் சட்டம் ஆள்வோனுக்கும் ஆளப்படுவோனுக்கும் ஒருங்கே எல்லை வகுக்கின்றது. இங்ஙனமாக, 'இராணுவச் சட்டம்' என்னுந் தொடரை நோக்குமிடத்து ஓர் ஐயம் எழுகின்றது. இஃது ஆள்வோனுக்கு வகுக்கும் எல்லை யாது?

இவ்வையத்துக்கு விடை கூறியவர் நாம் எதிர்பாராத ஒருவர். நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன், 1851ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே பிரித்தானியப் பிரபுக்கள் சபையிற் பேசியபோது, இராணுவச் சட்டமென்பது படைத்தலைவனுடைய விருப்பமேயன்றி வேறன்று என்றும், உண்மையில் அது சட்டமே அன்று என்றும் கருத்துப்பட உரைத்தார். வாழ்நாளிற் பெரும்பகுதியைப் போர்க்களத்திற் கழித்த தளபதி ஒருவரின் வாக்கு இது. இதனினும் வியப்புக்குரியது அவர் இதனைக் கூற நேர்ந்த காரணம். அன்று அச்சபையில் ஆராயப்பட்டது இலங்கை விவகாரம். சிறப்பாக, 1848இல் நமது கண்டியிலும் மாத்தளையிலும் நிகழ்ந்தவை. சட்டநூலார் இன்றும் எடுத்தாளும் அக்கருத்து நம் ஊர்ச் செய்தியிலிருந்து பிறந்தது என்பதை நம் மாணவருள் எத்துணைபேர் அறிவர்?

இராணுவச் சட்டம் என்றவுடன் இக்காலத்தார் பெரும்பாலும் நினைப்பது பிலிப்பீன் நாட்டையும், 1972இல் அங்கு அதனைப் பிறப்பித்த மார்க்கோஸ் என்பாரையுமே. அந்நாட்டின் செய்தியைப் பின்னர்க் கூறுவேன். அதற்கு நெடுங்காலம் முன்னரே மகாவலி சூழ்ந்த இம்மாநகர் மும்முறை அச்சட்டத்தின் கீழ் வாழ்ந்திருக்கின்றது. 1818, 1848, 1915 என்பன அம்மூன்று ஆண்டுகள். அது தொடங்கும் நாளும் முடியும் நாளும் பிரகடனத்தில் எழுதப்பட்டிருக்கும். அதன் விளைவு முடியும் நாள் எப்பிரகடனத்திலும் எழுதப்படுவதில்லை. அவ்விளைவையே ஈண்டு ஆராயப் புகுந்தேன்.

முதல் இரண்டு முறை

1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. பௌத்த சமயம் பேணப்படும், பிரதானிகளின் உரிமை காக்கப்படும் என்னும் உறுதிகள் அதில் இருந்தன. மூன்றாண்டு செல்லுமுன் ஊவாவிற் கிளர்ச்சி மூண்டது. தேசாதிபதி பிரவுன்றிக் கண்டி மாகாணங்களில் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26ஆந் திகதி கண்டியிலே சிரச்சேதஞ் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டுபோகப்பட்டு, நாடு விடுதலை பெற்ற பின்னரே மீண்டு வந்து, தலதா மாளிகைக்கு எதிரே உள்ள நினைவுத்தூணின் கீழ் அடக்கமாயிற்று. சுற்றுலாவாக வரும் பள்ளிப் பிள்ளைகள் அத்தூணருகே நின்று படம் எடுத்துக்கொள்வதை நாள்தோறுங் காணலாம்.

ஆயினும், அக்கொலையினும் நிலைத்த விளைவு ஒன்று அதற்கு ஐந்து நாள் முன்னரே உண்டாயிற்று. 1818 நவம்பர் 21ஆந் திகதி வெளியான பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்து, ஆட்சியைப் பிரித்தானிய அதிகாரிகளிடம் ஒப்புவித்தது. மூன்றாண்டுக்கு முன் உடன்படிக்கையாற் கொடுத்த வாக்கு, ஒருதலையான அறிவித்தலால் மாற்றப்பட்டது. அசாதாரண காலத்திற் கைப்பற்றிய அதிகாரம் சாதாரண காலத்திலும் கைவிடப்படுவதில்லை என்பதற்கு இஃது இந்நாட்டின் முதற் சான்று.

முப்பது ஆண்டு சென்றது. கோப்பித் தோட்டங்கள் மலைச்சாரலெங்கும் பரவின. அத்தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து நம்மவர் கால்நடையாய் மாத்தளை வழியே வந்து சேர்ந்தனர். 1847 அளவிற் கோப்பி விலை வீழ்ந்தது, அரசிறை குறைந்தது. தேசாதிபதி தொறிங்டன் பிரபு அக்குறையை நிரப்பப் புது வரிகளை விதித்தார். துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி. இவற்றின்மேல், ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும் அல்லது அதற்கீடாகப் பணங் கட்டுதல் வேண்டும் என்னும் கட்டளை. 1848 ஜூலையில் மக்கள் கண்டிக் கச்சேரியை நாடி வந்து முறையிட்டனர். அம்முறையீடு பயன்தராது போகவே, கொங்காலேகொட பண்டா என்பார் தம்புள்ளை விகாரையிலே அரசராக முடிசூட்டப்பட்டார். கூட்டத்தார் மாத்தளையைத் தாக்கினர். ஜூலை 29ஆந் திகதி கண்டியில் இராணுவச் சட்டம் பிறந்தது. ஒக்டோபர் 10 வரை அது நீடித்தது.

கிளர்ச்சியோ சில நாளில் ஒடுங்கிவிட்டது. படையினர் பக்கத்தில் ஒருவர் காயமுற்றதேயன்றி உயிர்ச்சேதம் இல்லை. மறுபக்கத்தில் மாண்டோர் ஏறத்தாழ இருநூற்றுவர் என்பர். இதன்மேலும், இராணுவ நீதிமன்றின் தீர்ப்பாற் பதினெண்மர் சுட்டுக்கொல்லப்பட்டனர். மொறட்டுவையில் பிறந்த புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆந் திகதி கண்டியில் உயிர் துறந்தார். குடாபொல தேரர் என்னும் பௌத்த துறவி காவியுடையோடே சுடப்பட்டார். அவர் குற்றமற்றவராயிருக்கலாம் என எண்ணிய அரச வழக்கறிஞர் செல்பி தண்டனையைச் சற்றுத் தாமதிக்குமாறு வேண்டியும் தேசாதிபதி இசையவில்லை.

ஈண்டு ஒரு செய்தியை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். முடிசூடிய கொங்காலேகொட பண்டா செப்டம்பர் மாத இறுதியிலேதான் பிடிபட்டார். அவர் வழக்கு இராணுவ நீதிமன்றுக்குச் செல்லாது உயர்நீதிமன்றுக்குச் சென்றது. தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டதாயினும், பிரதம நீதியரசர் ஒலிபன்ட் கருணை காட்டுமாறு பரிந்துரைத்தமையால், அது கசையடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலுமாக மாறிற்று. மன்னனாக நின்றவர் உயிர் தப்பினார். அவர் கீழ் நின்றவரும், எத்துவக்கையும் ஏந்தாத துறவியும் உயிரிழந்தனர். இருவகைத் தண்டனைக்கும் இடையே நின்ற வேற்றுமை, விசாரித்தவர் சட்டையின் நிறமே. கறுப்பு அங்கி அணிந்தவர் முன் சென்றவர் பிழைத்தார். சிவப்பு அங்கி அணிந்தவர் முன் சென்றவர் மாண்டார்.

இலண்டனிலே பாராளுமன்றக் குழு ஒன்று இவற்றையெல்லாம் ஆராய்ந்தது. தொறிங்டன் 1850இற் பதவி துறந்தார். எனினும் பின்னாளில் அவர் மகாராணியாரின் அரண்மனையிலே உயர்பணி பெற்று வாழ்ந்தார். மாண்டவரின் சுற்றத்தார் பெற்றது யாதுமில்லை.

பாளி கற்ற தேசாதிபதி

மூன்றாம் முறை 1915இல் வந்தது. அதன் தோற்றுவாய் கம்பளையிலே உள்ளது. அங்குள்ள வலஹகொட தேவாலயத்தின் பெரகர, அம்பகமுவைத் தெருப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் முழக்கலாமா என்பது வழக்காயிற்று. கண்டி மாவட்ட நீதிமன்றிலே போல் ஈ. பீரிஸ் என்னும் அறிஞர் 1914இல் தேவாலயத்தாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்; 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் உறுதியே அதற்கு ஆதாரமாயிற்று. 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்று அத்தீர்ப்பை மாற்றிற்று. பௌத்தர் மனம் புண்பட்டது. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவிலே, கண்டி காசில் ஹில் வீதியில் உள்ள கரையோரச் சோனகரின் பள்ளிவாசல் முன்னே பக்திப்பாடற் குழுவினருக்கும் அங்கு நின்றோருக்கும் இடையே கலகம் மூண்டது. சில நாளில் அது கொழும்புக்கும் தெற்கே கடலோர ஊர்களுக்கும் பரவிற்று. சோனகரின் கடைகள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் இடிபட்டன, உயிர்களும் மானமும் அழிந்தன.

ஜூன் 2ஆந் திகதி தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். இவரைப் பற்றி எழுதும்போது என் போன்ற மொழியாசிரியர் எழுதுகோல் சற்றே தயங்கும். இவர் பாளி மொழியில் ஆழ்ந்த புலமையுடையவர். புத்தசாதகக் கதைகளின் முதற்றொகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். பின்னாளில் மச்சிம நிகாயத்தையும் மொழிபெயர்த்தார். புத்தர் பெருமானின் அருளுரைகளை மூலமொழியிலேயே ஓதியுணர்ந்த இவர் ஆட்சியிலேதான் பௌத்த மக்கள் விசாரணையின்றிச் சுடப்பட்டனர். அவ்வாண்டு மே மாதத்திலே தம் இரு மைந்தரையும் ஐரோப்பியப் போர்க்களத்தில் இழந்த தந்தையும் இவரே. கல்வியும் துன்பமும் மனிதரைக் கனியச் செய்யும் என்பது நம் நம்பிக்கை. ஆயின், எல்லையற்ற அதிகாரம் கையில் வந்தவிடத்து அவ்விரண்டும் போதா என்பதற்கு இவர் வரலாறு சான்றாகின்றது. நல்லவரைத் தேடி அதிகாரத்தை ஒப்புவிப்பதினும், எவர் வந்தாலும் அதிகாரத்துக்கு எல்லை வகுப்பதே அறிவுடைமை.

போர்க்காலமாதலின், இக்கலகத்தின் பின்னே அரசுக்கு எதிரான சதி உண்டென ஆட்சியாளர் ஐயுற்றனர். மதுவிலக்கு இயக்கத்தை நடத்திய பௌத்தத் தலைவர்கள் சிறைப்பட்டனர். எப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா, டபிள்யூ. ஏ. டி சில்வா முதலியோர் அவருட் சிலர். பஞ்சாப்பிலிருந்து வந்திருந்த படையினரும், தோட்டத்துரைமார் உள்ளிட்ட தொண்டர்ப்படையினரும் ஊரூராய்ச் சென்றனர். விசாரணை எதுவுமின்றிச் சுடப்பட்டோர் உண்டு. கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாயிருந்த எட்வேட் ஹென்றி பேதிரிஸ், இருபத்தேழு வயது நிரம்பாத இளைஞர், இராணுவ நீதிமன்றின் தீர்ப்பால் ஜூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அநகாரிக தர்மபாலரின் உடன்பிறந்தாரான எட்மண்ட் ஹேவாவிதாரண ஆயுட்சிறை விதிக்கப்பட்டு, நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணச் சிறையிலே காய்ச்சலால் மாண்டார்.

இத்துணையும் நிகழ்ந்தபோது சாதாரண நீதிமன்றங்கள் மூடப்பட்டிருக்கவில்லை. நீதியரசர் தத்தம் இருக்கையில் இருந்தனர். டி சில்வாவை மீட்க ஆட்கொணர்வு மனுவும் உயர்நீதிமன்றில் வைக்கப்பட்டது. இராணுவச் சட்டம் நடைமுறையில் உள்ளவரை படையினர் செயலில் தாம் தலையிடுதல் இயலாதென்று மன்று ஒதுங்கிக்கொண்டது. கதவு திறந்திருந்தும் உள்ளே செல்ல வழியில்லாத நிலை அது.

இராமநாதன் எழுப்பிய குரல்

அக்காலத்துச் சட்டநிரூபண சபையிலே கற்ற இலங்கையரின் பிரதிநிதியாக வீற்றிருந்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். சபையில் எழுந்து, விசாரணையற்ற கொலைகளை ஒவ்வொன்றாய் எடுத்துக்காட்டி அவர் வாதாடினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் நடமாடிய கடலைக் கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். 'இலங்கையில் கலகங்களும் இராணுவச் சட்டமும், 1915' என்னும் அவரது ஆங்கில நூல் 1916இல் இலண்டனில் வெளியாயிற்று. சாமர்ஸ் திருப்பியழைக்கப்பட்டார். இராமநாதன் நாடு திரும்பியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பெருமக்களே அவரது வண்டியை இழுத்துச் சென்றனர். தமிழர் ஒருவர் சிங்கள மக்களுக்காக வாதாடினார் என்னும் இச்செய்தியை நம் மேடைகளிற் பன்முறை கேட்டிருக்கின்றோம். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றி, இராமநாதனின் தம்பியார் அருணாசலம் அதன் முதற்றலைவரானமைக்கும் 1915இன் அனுபவம் ஒரு காரணமாயிற்று.

இஃது உண்மையே. ஆயின் முழு உண்மையன்று. கண்டியிலே தமிழ் கற்பிக்கும் எனக்கு, என் மாணவருள் ஒருவரே இதனை உணர்த்தினார். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கலவரம் ஓய்ந்து பாடசாலை திறந்த வாரத்தில், உயர்வகுப்பில் இவ்வரலாற்றைக் கூறிக்கொண்டிருந்தேன். அக்குறணைப் பக்கத்திலிருந்து வரும் முஸ்லிம் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, சிறையிருந்த தலைவர்களின் பெயர்களெல்லாம் சொன்னீர்கள். சுடப்பட்டவர் பெயரும் சொன்னீர்கள். கடையையும் வீட்டையும் பறிகொடுத்தவர் ஒருவருடைய பெயராவது எந்தப் புத்தகத்திலாவது உண்டா?" என்று வினவினார். வகுப்பு அமைதியாயிற்று. அவ்வினா வினாவியவர் சினத்தோடு வினாவவில்லை. அறியும் விருப்போடே வினவினார். அதனாலேயே அது என் நெஞ்சைத் தைத்தது.

அவ்வினாவினுள்ளே இராணுவச் சட்டத்தின் ஆழ்ந்த விளைவு ஒன்று அடங்கியிருக்கின்றது. 1915 மே மாத இறுதியில் நிகழ்ந்தது, அயலவர் அயலவருக்கு இழைத்த கொடுமை. அதில் இழந்தோர் சோனகர். அரசு செய்திருக்கவேண்டியது, குற்றஞ் செய்தவரைப் பெயர் பெயராய்க் கண்டு, சாதாரண நீதிமன்றிலே நிறுத்தி, சான்று கேட்டுத் தண்டித்தல். அங்ஙனஞ் செய்திருப்பின், இன்னார் கடையை இன்னார் உடைத்தார் என்னும் உண்மை ஏட்டில் ஏறியிருக்கும். இழந்தவரின் துயரும் பதிவாகியிருக்கும். அதைவிடுத்து இராணுவச் சட்டம் வந்தது. வந்தவுடன் வழக்கின் தன்மையே மாறிற்று. கொடுமை செய்தவர் யார், செய்யாதவர் யார் என்னும் வினா மறைந்தது. அரசா மக்களா என்னும் வினா அவ்விடத்தைப் பிடித்தது. நிரபராதிகளும் சுடப்பட்டமையால் குற்றவாளிகளும் தியாகிகளின் நிழலில் ஒதுங்கினர். இழந்தவர் கதை நூலின் அடிக்குறிப்பாயிற்று. அரசின் அநீதி, அதற்கு முன் நிகழ்ந்த அநீதியை மூடிவிட்டது.

இழப்பீடு வழங்கிய முறையும் இப்புண்ணை ஆற்றவில்லை. கலகம் நிகழ்ந்த பகுதிகளில் வாழ்ந்த சிங்களவர் மீது பொதுவாக வரி விதித்து, அப்பணத்தைக் கொண்டு ஈடுசெய்யச் சட்டம் இயற்றினர். கல்லெறிந்தவனும் கட்டினான், கலகத்தைத் தடுக்க முயன்றவனும் கட்டினான். பெற்றவர்க்கு அது நீதியாகத் தோன்றவில்லை. கொடுத்தவர்க்கோ அது தண்டமாகத் தோன்றிற்று. மறுநாட் காலை இருசாராரும் அதே தெருவில் முகம் நோக்கி வாழவேண்டியிருந்தது.

தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையேயும் ஒரு விரிசல் ஆழமாயிற்று. 1888இல் இராமநாதன் சோனகரின் இனவரலாறு பற்றிக் கூறிய கருத்தை, ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலெழுதி மறுத்திருந்தார். 1915இல் இராமநாதன் வாதாடிய முறை, தம் துன்பத்தைப் பேச எவருமில்லை என்னும் எண்ணத்தை முஸ்லிம்களிடையே வலுப்படுத்தியது. இரு சாராரையும் பிணைத்து நின்றது தமிழ். இந்நாட்டின் முதல் தமிழ் நாவலென எண்ணப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதை எழுதிய சித்திலெப்பை கண்டியிலே பிறந்தவர். அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவரும் இக்கண்டிப் பகுதியிற் கவிபாடி வாழ்ந்தவரே. ஒரே மொழியில் எழுதிய இரு சமூகத்தார், ஒருவர் துயரை மற்றவர் எழுதாது விட்டமை நம் இலக்கிய வரலாற்றின் குறைகளுள் ஒன்று.

பாண்டியனும் காப்புச் சட்டமும்

இராணுவச் சட்டம் நீங்கும்போது அதனோடு பிறப்பது மற்றொரு சட்டம். அக்காலத்தில் அதிகாரிகளும் படையினரும் செய்தவற்றுக்காக அவர்கள்மீது எவரும் வழக்குத் தொடுத்தல் ஆகாது என்று அது விதிக்கும். இதனைக் காப்புச் சட்டம் என்று கூறலாம். 1915இலும் அத்தகைய ஆணை மன்னர் பெயரால் இலண்டனிலிருந்து வந்தது.

இதனை எண்ணுந்தோறும் தமிழாசிரியன் உள்ளம் மதுரையை நோக்கிச் செல்லும். பொற்கொல்லன் சொல்லை மெய்யெனக் கொண்டு, ஆராயாது கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். நெருக்கடி எதுவும் இருந்ததில்லை; காவலர் ஒரு நாள் பொறுத்திருப்பினும் கெடுவது ஒன்றில்லை. ஆராய்ச்சி என்னும் ஒன்று விடுபட்டமையே அங்கு நிகழ்ந்த குற்றம். பின்னர்க் கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். முத்து எனத் தான் கருதியவிடத்து மாணிக்கம் தெறித்தது. உண்மை வெளிப்பட்ட அக்கணமே அரசன் தன்னைத் தானே குற்றவாளியெனக் கூறி உயிர் நீத்தான். இளங்கோவடிகள் அவனைக் கொடுங்கோலனாக மட்டும் நம் முன் நிறுத்தாது, வளைந்த கோலைத் தன் உயிர் கொடுத்து நிமிர்த்தியவனாகவும் காட்டுகின்றார். அவன் பெருமை பிழையாமையிலன்று. பிழைக்கு விடை கூறியமையிலேயே உள்ளது.

காப்புச் சட்டமோ இதற்கு நேர்மாறானது. சிலம்பை உடைக்க வரும் கண்ணகியை வாயிலிலேயே தடுத்து நிறுத்துவது அது. மாணிக்கமோ முத்தோ என்று நோக்குதற்கே இடமில்லை. பேதிரிஸின் பெற்றோரும், பெயரறியாத் தோட்டக்கரை உழவரின் மனைவியரும் கையில் எச்சிலம்பை ஏந்திச் சென்றாலும், அதை உடைத்துக் காட்டும் அவை திறக்கவில்லை.

விடுதலைக்குப் பின்

அந்நியர் ஆட்சியோடு இது போயிற்றென்று கூற இயலுமாயின் இக்கட்டுரைக்குத் தேவையே இல்லை. 1947 ஜூனில், வேலைநிறுத்தம் பரவியிருந்த வேளையிலே, பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது அரசாங்க சபையின் முதல்வராயிருந்தவர் டி. எஸ். சேனநாயக்கா. 1915இல் விசாரணையின்றிச் சிறையிருந்தவர் காலத்திலேயே, அவசரகாலத்தின் பெயரால் அவ்வதிகாரம் ஏட்டில் நிலைத்த இடம் பெற்றது. அடிபட்டவன் அடித்தவனிடமிருந்து பிரம்பை வாங்கி எறிந்துவிடுவான் என்று நினைக்கின்றோம். பெரும்பாலும் அவன் அதனைத் தன் வீட்டுச் சுவரிலே மாட்டி வைக்கின்றான்.

அவசரகால நிலையும் இராணுவச் சட்டமும் ஒன்றல்ல என்பதை நான் மறுக்கவில்லை. அவசரகாலத்தைப் பாராளுமன்று காலந்தோறும் அங்கீகரித்தல் வேண்டும். குடியியல் ஆட்சி தொடர்ந்து நிற்கும். ஆயினும் குடும்ப ஒற்றுமை இருவர் முகத்திலும் தெரிகின்றது. அவசரகாலக் கட்டளைகளை நீதிமன்றில் வினாவுதல் ஆகாது என்னும் விதியும், நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட செயலுக்கு வழக்கில்லை என்னும் விதியும் அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளன. 1953இல் ஹர்த்தால், 1958இல் இனக்கலவரம், 1961இல் தமிழர் சத்தியாக்கிரகம் ஆகியவற்றின்போது அவசரகாலம் வந்தது. 1971இல் வந்தது 1977 வரை நின்றது. 1983க்குப் பின் சிற்சில இடைவெளியோடு 2011 வரை நீண்டது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகமானதென்றே சொல்லப்பட்டு, பின்னர் நிலையானதாயிற்று. அவசரம் என்னுஞ் சொல்லின் பொருளையே நம் தலைமுறையார் மறந்துவிட்டனர்.

காப்புச் சட்டமும் மறையவில்லை. 1977 ஓகஸ்ட் மாதக் கலவரத்தில் மலைநாட்டுத் தமிழர் பலர் வீடிழந்து வடக்கே சென்றதை இங்குள்ள முதியோர் அறிவர். அம்மாதத்தில் அமைதியை நிலைநாட்டும் பொருட்டுச் செயற்பட்ட அதிகாரிகளை வழக்கிலிருந்து காக்க 1982இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1988இல் அது திருத்தப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 16 வரை நிகழ்ந்தவற்றுக்கும் நீட்டப்பட்டது. அக்காலப்பகுதிக்குள் 1983 அடங்கும். தென்னிலங்கைச் சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் மறைந்துபோன காலத்தின் தொடக்கமும் அடங்கும். சோனகர், சிங்களவர், தமிழர் என மூவினத்தாரும் முறைமுறையாய் அந்த அடைத்த வாயிலின் முன் நின்றிருக்கின்றனர். ஒருவர் நின்றபோது மற்றவர் காணவில்லை என்பதே இந்நாட்டின் துயரம்.

2018 மார்ச்சு மாதத்திலே திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் மீண்டும் எரிந்தன. 6ஆந் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. 1915இற்கும் இதற்கும் இடையே நூற்றுமூன்று ஆண்டுகள். அதே மாவட்டம், அதே இருசாரார், அதே வழிமுறை. மும்முறை இராணுவச் சட்டத்தையும் பன்முறை அவசரகாலத்தையும் கண்ட ஒரு நிலம், அவற்றால் ஒழுங்கைக் கற்றிருக்குமாயின், அத்தீ மீண்டும் மூண்டிருக்குமா?

பிலிப்பீன் மக்கள் கற்ற பாடம்

பிலிப்பீன் நாட்டிலே மார்க்கோஸ் 1972 செப்டம்பரிற் பிறப்பித்த இராணுவச் சட்டம் 1981 ஜனவரி வரை நீடித்தது. பல்லாயிரவர் சிறைப்பட்டனர், வதையுண்டனர், பத்திரிகைகள் மூடப்பட்டன. 1986இல் மக்கள் தெருவில் திரண்டு அவரை நாட்டைவிட்டு அகலச் செய்தனர். அதன்பின் அவர்கள் செய்தது நோக்கற்பாலது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பிலே, இராணுவச் சட்டம் அறுபது நாளுக்கு மேற்படலாகாது, பாராளுமன்று அதனை நீக்கலாம், உயர்நீதிமன்று அதன் ஆதாரத்தை ஆராயலாம், குடியியல் நீதிமன்றங்கள் தொடர்ந்து இயங்கல் வேண்டும் என எல்லை வகுத்து எழுதினர். 2013இல் சட்டமியற்றி, துன்புற்றோரைத் தனித்தனியே விசாரித்து, 11,103 பேரைப் பெயர் குறித்து ஏற்று ஈடு வழங்கினர். 2022இல் அம்மார்க்கோஸின் மைந்தரே குடியரசுத் தலைவராகத் தெரிவாயினார் என்பதும் உண்மை. நினைவு எளிதில் மங்குவது. பள்ளியிற் புகாத வரலாறு இரு தலைமுறைக்குமேல் நில்லாது. எனினும் அப்பெயர்ப் பட்டியல் அங்கே இருக்கின்றது. என் மாணவர் வினவிய வினாவுக்கு அந்நாட்டு மாணவருக்கு விடையுண்டு.

நமக்கு அத்தகைய பட்டியல் இல்லை. அதனைத் தொகுக்கும் கடமையை அரசு ஏற்கும்வரை காத்திருத்தல் வேண்டுவதில்லை. கண்டியிலும் கம்பளையிலும் மாத்தளையிலும் பழங்குடும்பங்கள் இன்னும் உள்ளன. கடைக் கணக்கேடுகளும், விகாரை ஏடுகளும், பள்ளிவாசற் பதிவுகளும், பாட்டியர் வாய்மொழியும் உள்ளன. உயர்வகுப்பு மாணவர் ஒப்படைக்கென ஏதேதோ பொருள்களைப் படியெடுத்து வருகின்றனர். அவற்றுக்கு ஈடாக, தமிழ் மாணவர் ஒருவர் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் 1915ஆம் ஆண்டுக் கதையைக் கேட்டு எழுதட்டும். முஸ்லிம் மாணவர் ஒருவர் மாத்தளைச் சிங்களச் சிற்றூரிலே 1848ஆம் ஆண்டுக் கதையை எழுதட்டும். சிங்கள மாணவர் ஒருவர் தோட்டத்து லயத்திற் சென்று 1977ஆம் ஆண்டுக் கதையை எழுதட்டும். ஆசிரியன்மார் அவற்றைத் திருத்திப் பாதுகாத்தல் வேண்டும்.

ஆராயாது செய்த கொலைக்கு மருந்து, காலந் தாழ்ந்தேனும் ஆராய்தலே. நூறாண்டு கடந்தும் அவை திறக்கலாம். அதற்கு வழக்கறிஞரும் நீதியரசரும் இல்லாவிடினும், ஓர் எழுதுகோலும் கேட்குஞ் செவியும் போதும்.